முடிச்சுப் போடாத ரவிக்கை

கடைசி முடிச்சைப் போடவில்லை. நடந்த தப்பு அதுதான். மற்றதெல்லாம் அதிலிருந்து வந்தது.

சங்கிலித் தையல் தெரியாதவர்களுக்கு ஒரு தடவை சொல்கிறேன். இன்னொரு தடவை சொல்ல மாட்டேன். ஆரி ஊசி என்பது நுனியில் கொக்கி உள்ள ஊசி. துணியைச் சட்டத்தில் பறைத்தோல் மாதிரி இழுத்துக் கட்டி, மேலே இருக்கிற கை ஊசியைக் குத்தி இறக்கும், அடியில் கண்ணுக்குத் தெரியாமல் இருக்கிற கை நூலைக் கொக்கியில் மாட்டிக் கொடுக்கும், ஊசி அதை மேலே இழுத்து வளையமாக்கும், அந்த வளையத்துக்குள்ளிருந்து அடுத்த வளையம் வரும், அதற்குள்ளிருந்து அதற்கடுத்தது வரும், இப்படியே ஒன்றை ஒன்று பிடித்துக்கொண்டு பூவாகவும் கொடியாகவும் மயிலாகவும் போகும். கடைசி வளையத்தைப் பிடிக்க மட்டும் ஆள் இல்லை. அதற்குத்தான் முடிச்சு. அது இல்லையென்றால் நுனியைப் பிடித்து இழுத்தால் போதும், முதல் குத்து வரைக்கும் பிரிந்து கையில் வந்துவிடும்.

ஆவுடைப்பேரி தபாலாபீஸ் தெருவில் ஆரி வேலை நடத்துகிறவள் தங்கபுஷ்பம். அவள் வீட்டுக் கூடத்தில் ஆறு பெண்கள் உட்கார்ந்து வேலை செய்வார்கள். வேலை என்று சொன்னாலும் அது வேலை இல்லை, பித்து. சமையலை அடுப்பில் வைத்துவிட்டு எட்டிப் பார்க்க வந்தவள் சோறு தீய்கிற வரைக்கும் நிற்பாள். டக், டக், டக் என்று துணி அதிர்கிற சத்தமும், ஊசி முனையில் சமிக்கியை வரிசையாகக் கோத்து ஒவ்வொன்றாகச் சாய்த்துப் படுக்க வைக்கிற நேர்த்தியும், வெறும் துணி ஒரு மணி நேரத்தில் மீன் செதில் மாதிரி மின்ன ஆரம்பிக்கிறதும், பார்க்கிறவள் கையில் ஒரு தினவை உண்டாக்கிவிடும். அந்தத் தெருவில் இட்லியில் சமிக்கி இருக்கும். ஆண்கள் தாடியில் இருக்கும். பள்ளிவாசல் பாயிலும் இருக்கும், பிள்ளையார் கோயில் விபூதித் தட்டிலும் இருக்கும். யாரும் முகம் சுளித்ததில்லை.

அந்த ஆவணியில் ரைஸ்மில்காரர் மகள் பகவதிக்குக் கல்யாண ரவிக்கை. முகூர்த்தம் இருபத்தேழாம் தேதி. நூல் அறாமல் போட்டால் வாழ்வும் அறாது என்று பகவதியின் அம்மா சொல்லப்போக, முழு வேலையையும் ஒரே ஜரிகை நூலில், நடுவில் வெட்டாமல் முடிக்கிறேன் என்று தங்கபுஷ்பம் வாயைக் கொடுத்துவிட்டாள். ஒன்றாம் தேதி முதுகில் மயிலின் கால் நகத்தில் ஆரம்பித்தார்கள். சட்டத்தின் ஒரு பக்கம் தங்கபுஷ்பம். எதிர்ப்பக்கம் லைன்மேன் பெண்சாதி.

தெருவில் எல்லோரும் அவளை அப்படித்தான் கூப்பிட்டார்கள். தங்கபுஷ்பத்தைவிட நல்ல கை. அதைத் தங்கபுஷ்பமே ஒத்துக்கொள்வாள், ஆள் இல்லாதபோது.

நாலாம் தேதி காலையில் அவள் புருஷன் கரும்புக்காட்டு ஓரக் கம்பத்தில் ஏறினான். கழற்றி வைத்த பியூஸை யாரோ திரும்ப மாட்டிவிட்டார்கள். கம்பத்திலேயே போய்விட்டான். அதற்கு முந்தின நாள் ஒரு துவரம்பருப்புச் சண்டை. அன்று காலை அவன் போயிட்டு வாரேன் என்று மூன்று தடவை சொன்னான். அவள் சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள்.

பன்னிரண்டாம் தேதி பதினோரு மணிக்கு லைன்மேன் வீட்டுக்குப் பக்கத்து வீட்டில் ரஹ்மத்துக்குப் பெண் குழந்தை பிறந்தது. கல்யாணமாகிப் பதினோரு வருஷம். சட்டத்தில் அப்போது ரவிக்கையின் வலது கையில் இலை ஓடிக்கொண்டிருந்தது. அழுகைச் சத்தம் கேட்டதும் தங்கபுஷ்பம், கண்ணு படக்கூடாது என்று இலைக்கு அடியில் ஒரே ஒரு கறுப்பு மணியை வைத்துக் குத்தினாள்.

பத்தொன்பதாம் தேதி லைன்மேனுக்குப் பதினாறு. பெண்சாதி கழுத்துத் தாலியை அறுத்துப் பால் சொம்பில் போட்டார்கள். மறுநாள் அவள் பின்வாசல் வழியாக வந்து, எனக்கு வீட்ல இருக்க முடியல, ஊசியைத் தாங்க என்று கேட்டாள். கல்யாண ரவிக்கையில் அவள் கை படலாமா என்று தங்கபுஷ்பம் யோசித்தாள். வேலையும் பாக்கி கிடந்தது. உட்காரச் சொன்னாள், ஒரு நிபந்தனையோடு: முன்வாசலில் செருப்புச் சத்தம் கேட்டால் எழுந்து உள்ளே போய்விட வேண்டும்.

இருபத்திரண்டாம் தேதி. கழுத்தோரத்துக் கடைசி மணி. அதைக் குத்தியவள் லைன்மேன் பெண்சாதி. வளையம் கொக்கியில் நிற்கிறது. முன்வாசலில் பகவதி அம்மாவின் செருப்புச் சத்தம். அவள் சட்டென்று கையை உருவிக்கொண்டு அடுக்களைக்குள் போனாள். தங்கபுஷ்பம் சிரித்த முகத்தோடு எழுந்து துணியைச் சட்டத்திலிருந்து அவிழ்த்து விரித்துக் காட்டினாள். அந்தக் கூடத்தில் கடைசி மணி வைத்தவள்தான் முடிச்சைப் போட வேண்டும், அதுதான் கட்டுப்பாடு. அவள் போட்டிருப்பாள் என்று இவள் நினைத்தாள். இவள் போட்டுவிடுவாள் என்று அவள் நினைத்தாள்.

மறுநாள் காலையில் ரவிக்கையைப் பார்க்க மாப்பிள்ளை வீட்டு அத்தை கனகம் வந்தாள். யார் தோளில் நூல் கிடந்தாலும் எடுத்துப் போடுகிற ஜென்மம். பிசிறு நீட்டிக்கிட்டு இருக்கே என்று கழுத்தோரத்தில் கையை வைத்து இழுத்தாள். ஒரு முழம் வந்தது. மணிகள் தரையில் சிதறி ஓடின. சுவரில், அன்று காலை கிழித்துப் பொடி மடித்த காலண்டர் தாள் திரும்ப வந்து ஒட்டியிருந்தது. தேதி இருபத்திரண்டு.

அதற்குப் பிறகு யாரும் இழுக்க வேண்டியிருக்கவில்லை. ரவிக்கை மேஜைமேல் தன்பாட்டில் பிரிந்தது. இருபத்திரண்டாம் தேதி தைத்ததெல்லாம் அன்று பொழுதுக்குள் பிரிந்து முடிய, மறுநாள் விடிந்தபோது இருபத்தொன்று. அதற்கு மறுநாள் இருபது.

காரணம் கேட்காதீர்கள். தெருவில் யாரும் கேட்கவில்லை. தென்காசி பஸ்ஸில் வருகிற பேப்பரில் தேதி முன்னே போனது, எங்கள் ஊரில் பின்னே போனது, கடைக்காரர் பேப்பரைப் படிக்காமல் கடலை மடித்தார், மாப்பிள்ளை வீட்டார் முகூர்த்தத்தைத் தள்ளிவைத்தார்கள், அவ்வளவுதான். நடந்தது எல்லோருக்கும் ஞாபகம் இருந்தது. நடந்ததற்கு அடையாளம் மட்டும் இல்லை. தின்ற அரிசி டிரம்மில் இருந்தது. வெட்டின முருங்கைமரம் நின்றது. தபால்காரர் பிடுங்கிப் போட்ட கடைவாய்ப் பல் வாய்க்குள் வந்து முன்போலவே வலித்தது. பதினெட்டில் குடியை விட்ட தச்சர் பதினேழில் மறுபடியும் குடித்தார், அது தன் குற்றம் இல்லை என்று மிக நிம்மதியாகக் குடித்தார்.

இரண்டு நாளில் பழகிவிட்டது. மூன்றாம் நாள் ஆசை வந்தது.

தங்கபுஷ்பம் ரவிக்கையைப் பஞ்சாங்கம் மாதிரி வாசிப்பாள். இந்தப் பூ கரண்ட் போன அன்றைக்கு, இந்த வரிசை மழையன்றைக்கு, இந்த மாங்காய் என் கொழுந்தன் வந்து கத்தின அன்றைக்கு என்று விரலை வைத்துச் சொல்வாள். உடனே கூடத்து வாசலில் வரிசை கட்டினார்கள். என் மாடு விழுந்த நாள் எந்தப் பூ? நான் மச்சானை அடித்த நாள் எந்த இலை? எட்டாம் தேதி ஒரு சொல் சொல்லிவிட்டேன், அது வரைக்கும் பிரியட்டும். ஏழாம் தேதி பெண் பார்த்துப் பேசி முடித்தேன், அதற்கு முன்னால் நிறுத்து. பிரியட்டும் என்கிறவர்கள் வாசலுக்கு இந்தப் பக்கமும் நிறுத்து என்கிறவர்கள் அந்தப் பக்கமுமாக உட்கார்ந்தார்கள். மத்தியானச் சாப்பாட்டுக்கு மட்டும் கலைந்தார்கள்.

நிறுத்தப் பார்க்காமலும் இல்லை. தங்கபுஷ்பம் ஏழு தடவை முடிச்சுப் போட்டாள். ஏழும் வெண்ணெயில் போட்டதுபோல வழுக்கிக்கொண்டு போயின. பசை தடவினார்கள். நகப்பூச்சு தடவினார்கள். தச்சர் மரப்பிடி கொண்டுவந்து இறுக்கினார். நூல் பிடிக்கு உள்ளேயே பிரிந்தது.

பதினெட்டாம் தேதி விடிந்தபோது லைன்மேன் பெண்சாதி முகம் கழுவக் குனிந்தாள். கழுத்தில் ஏதோ ஆடியது. தாலி.

தொட்டுப் பார்த்தாள். மஞ்சள் ஈரமாக இருந்தது. அவள் கணக்குப் போட்டாள். இன்னும் பதினாலு விடியல். நாலாம் தேதி விடியும்போது அவன் போயிட்டு வாரேன் என்பான். இந்தத் தடவை அவள் சுவரைப் பார்த்துப் படுத்திருக்க மாட்டாள். காலைப் பிடித்துக்கொள்வாள். கம்பத்துக்குப் போகவிட மாட்டாள்.

அன்றிலிருந்து அவள் கதவைச் சாத்திக்கொண்டாள். கூடத்துப் பக்கம் போகவில்லை. கடைசி மணி யாருடையது என்று அவளுக்குத் தெரியும். தங்கபுஷ்பத்தின் முடிச்சு ஏன் நிற்கவில்லை என்றும் தெரியும். வாயைத் திறக்கவில்லை.

தங்கபுஷ்பத்துக்கும் தெரியும். அவளும் திறக்கவில்லை. கல்யாண ரவிக்கையில் தாலியறுத்தவள் கை வைத்தாள் என்று தெரிந்தால் இனி ஒரு கல்யாணத்துக்கும் அவளிடம் துணி வராது.

இதற்கிடையில் குழந்தை சின்னதாகிக்கொண்டே வந்தது. ஏழாம் நாள் மழித்த தலையில் முடி திரும்ப வந்தது. விழுந்த தொப்புள்கொடி வந்து ஒட்டிக்கொண்டது, முதலில் கறுத்துக் காய்ந்து, பிறகு பழுப்பாக, பிறகு ஈரமாக. பதினான்காம் தேதி ரஹ்மத்துக்குப் பால் சுரப்பது நின்று, சீம்பால் சொட்டியது. அவள் புருஷன் பள்ளிவாசலில் போய் உட்கார்ந்தவன் வீட்டுக்கு வரவே இல்லை. ரஹ்மத்து மட்டும் கூடத்துக்கு வந்து, என் பிள்ளை எந்த இடம் என்று கேட்டாள்.

தங்கபுஷ்பம் இலைக்கு அடியில் இருந்த கறுப்பு மணியைக் காட்டினாள்.

பிரியட்டும் என்று வாசலின் இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவர்களில் பாதிப்பேர் எழுந்து போனார்கள். மீதிப்பேர் உட்கார்ந்திருந்தார்கள். எழுந்து போனவர்களும் மனசில்லாமல்தான் போனார்கள், ஆளுக்கொரு நாள் கையை விட்டுப் போகிறதே என்று. தபால்காரர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு, பிறந்த பிள்ளையை இல்லாமல் ஆக்குகிற தெரு உருப்படுமா என்று ஒரே ஒரு வாக்கியம் பேசினார். பல் வலியில் அதற்கு மேல் அவரால் முடியவில்லை.

பதின்மூன்றாம் தேதி சாயங்காலம் தங்கபுஷ்பம் தாங்க மாட்டாமல் தெரு நடுவில் நின்று உண்மையைச் சொல்லிவிட்டாள். கடைசி மணியை லைன்மேன் பெண்சாதிதான் வைத்தாள், முடிச்சு அவள் கைக்குத்தான் நிற்கும், நான்தான் அவளை ஒளித்து வைத்தேன், என்னை என்ன வேண்டுமானாலும் செய்யுங்கள். பகவதியின் அம்மா அங்கேதான் இருந்தாள். எல்லோரும் அவள் முகத்தைப் பார்த்தார்கள். அவள் வீட்டுக்குப் போய், தட்டில் வெற்றிலைபாக்கும் பூவும் வைத்து எடுத்துக்கொண்டு லைன்மேன் வீட்டுக் கதவைத் தட்டினாள். பின்னால் தெரு மொத்தமும் நின்றது. பதினாறு நாள் அந்த வாசலை மிதிக்காத தெரு.

கதவு திறக்கவில்லை. ஜன்னல் பாதி திறந்தது.

"மதினி, நீங்க வந்து ஒரு முடிச்சு போட்டாப் போதும்" என்றாள் பகவதியின் அம்மா.

"நேத்துவரைக்கும் நான் மதினி இல்ல."

"தப்புத்தான்."

"இன்னும் ஒம்பது விடியல்தான் இருக்கு. அவரு வந்துருவாரு. அதுக்கப்புறம் போடுதேன்."

"அதுக்குள்ள பிள்ள போயிருமே."

"எனக்குப் போனப்ப யாரு வந்து எதை நிறுத்துனா?"

அவள் கேட்டது நியாயமா இல்லையா என்று தெருவுக்குச் சட்டென்று சொல்லத் தெரியவில்லை. கையைப் பிடித்து இழுத்துப் போவோம் என்று தச்சர் சொன்னார். இழுத்த கை முடிச்சுப் போடுமா என்று தங்கபுஷ்பம் கேட்டாள். ஜன்னல் சாத்திக்கொண்டது.

பன்னிரண்டாம் தேதி விடிந்தது. எட்டு மணிக்கு இலையின் நுனி பிரிய ஆரம்பித்தது. ஒரு மணி விழும், தரையில் உருளும், கூடத்தில் உள்ளவர்கள் எண்ணுவார்கள். பச்சை. பச்சை. பொன். பச்சை. ஒன்பதரைக்குக் கறுப்பு மணிக்கு மேலே முப்பத்தொரு மணி இருந்தது.

ரஹ்மத்து கூடத்துக்குப் போகவில்லை. குழந்தையைத் துணியில் சுற்றிக்கொண்டு பக்கத்து வீட்டுப் பின்வாசலுக்குப் போனாள். கதவைத் தட்டவில்லை. படியில் உட்கார்ந்து, சாத்தின கதவைப் பார்த்துப் பேசினாள்.

"அக்கா, நான் கேக்க வரல. அண்ணன் வந்தா நல்லதுதான். அவங்க போனப்ப நான் நெறமாசம், வந்து உங்க பக்கத்துல உக்காரக் கூடாதுன்னுட்டாங்க, வரல. இவ பெறந்தப்ப நீங்க பாக்கக் கூடாதுன்னுட்டாங்க. யாரும் உங்க கையில தரல. அதான் கொண்டாந்தேன். ஒரு தடவ வாங்கிப் பாத்துட்டுக் குடுத்துருங்க. உங்களுக்கும் எனக்கும் நடுவுல அந்த ஒண்ணு பாக்கி இருக்கக் கூடாது."

துணியை இழுத்துப் பிள்ளையின் காலை மூடினாள்.

"தூக்கிட்டே இருக்கேன், கனமே இல்லாமப் போகுது" என்றாள் ரஹ்மத்து.

கதவு திறந்தது. லைன்மேன் பெண்சாதி தலை கலைந்து நின்றாள், கழுத்தில் தாலியோடு. ரஹ்மத்து எழுந்து, பச்சைப்பிள்ளையை இரண்டு கையாலும் நீட்டினாள். அவள் வாங்கினாள். பிறந்து ஒரு மணி நேரமும் ஆகாத பிள்ளையின் எடைகூட அதற்கு இல்லை. ஊதினால் பறக்கும். நிணம் காயாத முகம். கண் திறக்கவில்லை. அவள் அதைப் பார்த்தாள், தாலியைப் பார்த்தாள், வீட்டுக்குள் ஆணியில் தொங்குகிற அவன் காக்கிச் சட்டையைத் திரும்பிப் பார்த்தாள். அது துவைத்த நாளுக்கு முன்னால் போயிருந்தது. வேர்வை நாற்றம் வந்தது. எட்டே நாள் தூரத்தில் அவன் இருந்தான்.

பிள்ளை வாயைத் திறந்தது. சத்தம் வரவில்லை. அழுகை ஏற்கெனவே போய்விட்டது.

"எத்தன மணி இருக்காம்?" என்று கேட்டாள்.

"தெரியலக்கா. நான் எண்ணல."

அவள் பிள்ளையை ரஹ்மத்தின் கையில் கொடுத்தாள். பின்வாசலால் போகவில்லை. வீட்டைக் குறுக்கே கடந்து முன்கதவைத் திறந்து, ஆவணி வெயிலில், செருப்பில்லாமல், தலை முடியாமல், தெரு நடுவில் நடந்தாள். வாசலின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்து நின்றார்கள். எதிரே வந்தால் ஆகாது என்று விலகிப்போகிற கோலம் அது. ஒருவரும் நகரவில்லை.

கூடத்துக்குள் முன்வாசல் வழியாக நுழைந்தாள். கறுப்பு மணிக்கு மேலே நாலு மணி. தங்கபுஷ்பம் ஊசியை நீட்டினாள். அவள் சட்டத்தைக் கேட்டாள். சட்டத்தில் கட்ட நேரம் இல்லை என்றார்கள். அப்படியானால் பிடியுங்கள் என்றாள். பகவதி ஒரு முனையைப் பிடித்தாள், அவள் அம்மா ஒரு முனை, தபால்காரர் ஒரு முனை, தச்சர் ஒரு முனை. துணி விறைத்தது. மூன்று மணி. அவள் இடது கையை அடியில் கொடுத்தாள். இரண்டு. ஊசியை இறக்கினாள். வளையம் கொக்கிக்குச் சிக்காமல் மீன்குஞ்சு மாதிரி நழுவியது. ஒன்று. அவள் கண்ணை மூடிக்கொண்டாள். துணி மேலே பார்த்துச் செய்கிற வேலை இல்லை அது, அடியில் இருக்கிற கை செய்கிற வேலை. கறுப்பு மணி எழும்பிச் சாய்ந்தது. விழுவதற்குள் அவள் வளையத்தைக் கொக்கியில் பிடித்து, நூலை உள்ளே இழுத்து, வலிக்கிற மாதிரி இறுக்கினாள். ஒரு தடவை. மறுபடியும் ஒரு தடவை.

நின்றது.

தெருக்கோடியில் பிள்ளை அழுதது.

அவள் அங்கேயே, ஊசியைக் கையில் பிடித்தபடியே, அழுதாள். யாரும் அவளைத் தொடவில்லை. தொடலாமா என்று தெரியாமல் நின்றார்கள். தங்கபுஷ்பம்தான் கடைசியில் பக்கத்தில் உட்கார்ந்து, வா என்றும் சொல்லாமல் போ என்றும் சொல்லாமல் தோளில் கையைப் போட்டாள்.

மறுநாள் பதின்மூன்று. அதற்கு மறுநாள் பதினான்கு. நாள் ஒழுங்காக முன்னே போனது. அரிசி குறைந்தது. தபால்காரர் பல்லை மறுபடியும் பிடுங்கினார். பதினெட்டில் குடியை விட மறந்துபோன தச்சரை அவர் பெண்சாதி கவனித்துக்கொண்டாள். பத்தொன்பதாம் தேதி பதினாறு வந்தது. ஒரு பெண்ணுக்கு ஒரே புருஷனுக்காக இரண்டு தடவை தாலி அறுத்ததை அந்த ஊர் அப்போதுதான் பார்த்தது. முதல் தடவை உறவுக்காரர்கள் பன்னிரண்டு பேர் வந்திருந்தார்கள். இந்தத் தடவை தெருவில் அடுப்பு எரியவில்லை. ரஹ்மத்து பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். கூடாது என்று சொல்ல ஒருவர் வாயைத் திறந்தார். பகவதியின் அம்மா பார்த்த பார்வையில் மூடிக்கொண்டார்.

ரவிக்கை முடிந்தது. கல்யாணமும் நடந்தது. ஒரே நூல் என்று சொல்ல முடியாது, நடுவில் கறுப்பு மணிக்குப் பக்கத்தில் ஒரு முடிச்சு இருக்கிறது, தடவினால் கையில் தட்டும். பகவதி அதை மறைக்கவில்லை. அந்த முடிச்சு யார் போட்டது என்று மாப்பிள்ளை வீட்டு அத்தை கனகம் பந்தியில் கேட்டாள். எங்கள் தெரு ஆட்கள் லைன்மேன் பெண்சாதி என்று சொல்ல வாயெடுத்தார்கள், லைன்மேன்தான் இல்லையே என்று நிறுத்தினார்கள், வேறெப்படிச் சொல்வது என்று ஒருவரையொருவர் பார்த்தார்கள். பதினைந்து வருஷம் அந்தத் தெருவில் இருந்தவளுக்கு ஒரு பெயர் உண்டு என்று யாரும் விசாரித்திருக்கவில்லை. ரஹ்மத்துக்குத் தெரிந்திருந்தது. குழம்பு வாளியோடு போனவர்கள்கூட நின்று கேட்கிற மாதிரி அவள் உரக்கச் சொன்னாள்.

பேராச்சி.